பாதியில் இறங்கியவர்

அண்ணி அந்தத் தடித்த புத்தகத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டை கறுத்தது. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, பெட்டிக்குள் படுத்திருந்த தம்பியின் நெஞ்சில், கோத்து வைத்திருந்த கைகளுக்கு மேலே, புத்தகத்தைச் சாய்த்து வைத்தார்.

"இது இல்லாம இவன் போகக் கூடாது. ஒன்பது வருஷமா படிச்சுக்கிட்டிருந்த புத்தகம்," என்றார்.

கூடத்தில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இறந்தவரின் மனைவி, கணவரின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குக் காலையிலிருந்து அழுகை முட்டிக்கொண்டிருந்தது. இப்போது அது இருந்த இடம் தெரியாமல் இறங்கிப் போய், கலப்படமில்லாத கோபம் வந்து உட்கார்ந்தது. இன்னும் சிறிது நேரத்தில் மூடியைப் போட்டுவிடுவார்கள். போட்டுவிட்டால் அவரும் அந்தப் புத்தகமும் காலத்துக்கும் ஒன்றாகக் கிடக்க வேண்டியதுதான். அவரை அதிலிருந்து வெளியே எடுக்க அவள் பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும்?

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அதனால் கட்டடத்தில் எல்லோருக்கும் கண்ணாடியம்மா. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், அதனால் லிஃப்ட்காரர். இந்தக் கட்டடத்தில் இருக்கும் இரண்டு லிஃப்ட்களும் அவர் கைபட்டவைதான். ஆட்கள் போவது ஒன்று, சாமான் ஏற்றுவது இன்னொன்று.

அவருடைய தொழிலில் முதல் பாடம், லிஃப்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது. பாதியில் நிற்கும் லிஃப்ட்டுக்குள் ஆள் இருக்கும். நல்ல பாடம்தான். ஆனால் மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தட்டில் போட்டதை முடிக்காமல் எழ மாட்டார். ஆரம்பித்த சண்டையைக்கூட முடித்துவிட்டுத்தான் தூங்குவார். எடுத்த புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் இன்னொன்றைத் தொட மாட்டார். "உள்ள இருக்கற ஜனங்களை அந்தரத்துல தொங்க விட்டுட்டு வர்றதா?" என்பார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் அக்கா அந்தப் புத்தகத்தைக் கொடுத்தார். அக்கா என்றால் சாதாரண அக்கா இல்லை. அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் "நல்ல புத்தகம், படி" என்றால் அது தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது.

துறைமுகத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் ஏழு தலைமுறைக் கதை அது. முதல் இருநூறு பக்கங்களை லிஃப்ட்காரர் வீராப்பாகக் கடந்துவிட்டார். அதன்பின் ஒரு கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்கு விருந்தாளிகள் படகில் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர் யார், அவர் படகு யாருடையது, அதைச் செய்த தச்சன் யார், அவனுக்கும் பெண்ணின் தாத்தாவுக்கும் என்ன பகை என்று எல்லாம் விளக்கமாக வந்தது. வேலை முடிந்து வந்து உட்காருபவருக்கு மூன்றாவது படகு கரை சேர்வதற்குள் தலை தொங்கிவிடும். மறுநாள் எடுத்தால் வந்தவர்கள் யார் யார் என்று மறந்திருக்கும். நேர்மையான மனிதர், கல்யாணத்தின் முதல் பக்கத்துக்கே திரும்பப் போய்விடுவார்.

"எங்க இருக்கீங்க?" என்று அவள் கேட்பாள்.

"கல்யாணத்துலதான். ஆளுங்க இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க."

முதல் வருஷம் அது தகவல். இரண்டாம் வருஷம் வேடிக்கை. அதற்குப் பிறகு அது அந்த வீட்டின் பழமொழியாகிவிட்டது. சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டுவது நிற்கவில்லை என்றால் ஆளுங்க இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க. மகளின் தலைமுடி குளியலறையில் கொட்டிக்கொண்டே இருந்தால் அதற்கும் அதேதான்.

அவள் படிப்பது வேறு மாதிரி. கடையில் ஒன்று, பையில் ஒன்று, தலையணை அடியில் இரண்டு. கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுவாள். பிடிக்கவில்லை என்றால் பத்தாம் பக்கத்திலேயே கும்பிடு போட்டு விடுவாள். "நீ படிக்கறதில்ல, மேயற," என்று அவர் சொல்வார்.

"மேயறவளுக்கு வயிறாவது நிறையுது. நீங்க கல்யாண வீட்டுக்குப் போயி ஏழு வருஷமாச்சு. இன்னும் பந்தியில உக்காரல."

அவருக்குப் படிக்க ஆசை இல்லாமல் இல்லை, அதுதான் கொடுமை. அவள் எதையாவது படித்துச் சிரித்தால் எட்டிப் பார்ப்பார். "நல்லாயிருக்கா? எடுத்து வை. இதை முடிச்சுட்டு வர்றேன்," என்பார். அப்படி எடுத்து வைத்தவை கட்டிலோரம் அலமாரியில் ஒரு தட்டை நிறைத்துக் காத்துக்கொண்டிருந்தன.

ஒருநாள் மருத்துவர் அவருடைய இருதயத்தின் படத்தைக் காட்டி, இது பாதிதான் வேலை செய்கிறது, பத்திரமாக இருந்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றார். வீட்டுக்கு வந்தார்கள். அவள் சமையலறையில் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் திறந்துகொண்டிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். முதல் படகு.

"என்ன பண்றீங்க?"

"படிக்கறேன்."

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது. அதான் சீக்கிரம் முடிச்சாகணும்."

மீதியிருக்கும் காலமெல்லாம் இந்த மனிதர் முன்பின் தெரியாத விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டே போய்ச் சேரப்போகிறாரா? அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு, உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டார். என்ன பண்ணுவீங்க?"

தொழில் விஷயம் என்றதும் அவர் நிமிர்ந்தார். "பிரேக்கை விடுவிச்சு, கையாலயே பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து, கதவைத் திறந்து ஆளை வெளிய எடுப்பேன்."

"அவர் எட்டாவது மாடிக்குன்னு ஏறினவரு."

"அதுக்கென்ன? மொதல்ல ஆள் வெளிய வரணும். எந்த மாடியா இருந்தா என்ன?"

"எட்டாவது மாடி வந்தாத்தான் இறங்குவேன்னு உள்ளயே உக்காந்துட்டா?"

"அப்படி ஒரு பைத்தியக்காரன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அப்ப உள்ள மாட்டியிருக்கறது அவங்க இல்ல?"

"அவங்க கல்யாணத்துக்கு வந்தவங்க. சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. நீங்கதான் ஏழு வருஷமா உள்ள இருக்கீங்க. இறங்குங்க."

அவர் அடையாளத்துக்கு வைத்திருந்த காகிதத்தை உருவி எடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். மூடிய சத்தம் அவளுக்கு வெடி வெடித்தது போலக் கேட்டது. எழுந்து போய் அலமாரிக்கு முன்னால், மிட்டாய்க் கடையில் நிற்கும் பிள்ளை போல நின்றார்.

"சின்னதா ஏதாவது குடு. சிரிப்பு வர்ற மாதிரி."

அதற்குப் பிறகு கிடைத்த இரண்டு வருஷங்களை அவர் படித்தார் என்று சொன்னால் போதாது, வாரிச் சுருட்டிக்கொண்டார். பால்கனியில் ஒன்று, சாப்பாட்டு மேசையில் ஒன்று, கருவிப் பையில் ஒன்று. பிடிக்காததை இரண்டாம் பக்கத்தில் வைத்துவிட்டு, தப்பித்த கள்ளனைப் போல அவளைப் பார்த்துச் சிரிப்பார். பிடித்ததை முடித்த கையோடு முதலிலிருந்து ஆரம்பிப்பார். "ரெண்டாவது தடவைதான் வீட்டுக்குள்ளயே விட்டாங்க, மொதல் தடவ வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்க," என்பார். அவள் கண்ணாடி துடைக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டுவார். நல்ல வரி வந்தால் நிறுத்தி, அதையே இன்னொரு முறை மெதுவாகப் படிப்பார். மேய்ந்து பழகிய அவளுக்கு முதலில் பொறுமை இருக்கவில்லை. போகப்போக அந்த இரண்டாம் முறைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கும் புத்தியும் எப்போது போனதென்று தெரியாமல் போய்விட்டது.

அக்காவிடம்தான் அவர் சொல்லவில்லை. ஃபோன் வரும். "எங்க வரைக்கும் வந்திருக்கே?" என்று அந்தப் பக்கம் கேட்கும். "கல்யாணத்துலதான் இருக்கேன்கா," என்பார். வைத்துவிட்டுத் திருட்டு முழி முழிப்பார்.

"சொல்லித் தொலைங்களேன்."

"நேர்ல வரட்டும், நானே சொல்லிக்கறேன். அக்கா மனசு நோகும்."

முந்தாநாள் காலையிலும் ஒரு புத்தகத்தைப் பாதியில் விட்டார். பாதி என்பதுகூட அதிகம், மூன்றாம் பக்கம். ஊரே புகழ்கிறதென்று மகள் வாங்கி வந்தது. "இந்த ஆள் என்னைவிட மெதுவா மூச்சு விடறான். வேற குடு," என்று நீட்டினார். ஏற்கெனவே பல முறை படித்த சிறிய கதைத் தொகுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்காட்சிக்குப் போய்ப் பரிசோடு திரும்பும் கழுதையின் கதையை அவளுக்குப் படித்துக் காட்டினார். வழக்கமாகச் சிரிக்கும் இடத்தில் சிரித்தார். சிரிப்பு மூச்சிரைப்பில் முடிந்ததும் புத்தகத்தை வயிற்றின் மேல் கவிழ்த்து வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். புத்தகம் ஏறி ஏறி இறங்கியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வரப் போனாள். திரும்பி வந்தபோது புத்தகம் அசையவில்லை.

அப்படிப் போன மனிதரின் நெஞ்சில்தான் இப்போது அந்த ஏழு தலைமுறையும் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவள் பெட்டியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். மகள் கையைப் பிடித்தாள். "அம்மா, வேணாம்மா. இன்னிக்கு மட்டும் விட்டுடு. அத்தை பாவம்."

"உங்கப்பா?"

"அப்பாவுக்கு இனிமே என்ன தெரியப்போகுது?"

நியாயமான பேச்சுதான். அவள் நின்றுவிட்டாள். அத்தனை பேர் முன்னிலையில், தாயாக இருந்து வளர்த்தவளின் கையிலிருந்து கடைசிச் சீரைத் தட்டிவிடுவதா? ஊர் என்ன சொல்லும் என்பதுகூட இல்லை. அவரே நோக வைக்க மாட்டேன் என்ற அக்கா மனசு அது.

லிஃப்ட்காரரோடு வேலை பார்த்தவர் கதவருகே நின்றார். ஒல்லியாக உயரமாக இருப்பதால் அவருக்கு ஸ்பேனர் என்று பெயர். "நேரமாச்சு. கிளம்பலாங்களா?" என்று பொதுவாகக் கேட்டார்.

அண்ணி வாசலைப் பார்த்தார். மாடிப்படியில் பேச்சுக் குரல் கேட்டது.

"கொஞ்சம் பொறுப்பா," என்றார். "ஆளுங்க இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க."

கண்ணாடியம்மா சிரித்துவிட்டாள்.

வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் புகுந்து வந்தது. மகள் பதறிப்போய் அவளைப் பார்த்தாள், பிறகு அவளுக்கும் உதடு கோணியது, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு பேர் தண்ணீர் எடுக்க ஓடினார்கள். அவளுக்கோ மனசு கழுவிவிட்டது போலத் தெளிந்திருந்தது. நேராகப் போய், புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"என்ன பண்ற நீ?" அண்ணியின் குரல் நீதிமன்றக் குரல்.

"அண்ணி, மன்னிச்சிடுங்க. இவர் இதை முடிக்கல."

"தெரியும். அதனாலதான் கூட அனுப்பறேன்."

"முடிக்க முடியாம இல்ல. வேணாம்னு விட்டுட்டார். ரெண்டு வருஷமாச்சு. உங்ககிட்ட சொல்லப் பயம். விட்டதுக்கப்புறம் எவ்வளவு படிச்சார் தெரியுமா? உள்ள கட்டிலோரம் இருக்கற அலமாரியைப் பாருங்க. அவ்வளவும். முந்தாநாள் வரைக்கும் படிச்சார். சிரிச்சுக்கிட்டே படிச்சார். இதுக்குள்ள மாட்டிக்கிட்டிருந்தவரை நான் கையைப் பிடிச்சு வெளிய இழுத்தேன். மறுபடியும் உள்ள தள்ளாதீங்க."

அண்ணி உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவருகிலிருந்து ஸ்பேனர் தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா? போன வருஷம் ஒரு ஆபீஸ்ல லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ஒருத்தர், பயத்துல கதவைப் போட்டு அடிக்கறார். நான் மேல மோட்டார் ரூமுக்கு ஓடினேன். அண்ணன் வெளிய தரையில உக்காந்துக்கிட்டு, பையிலருந்து புத்தகத்தை எடுத்து, கதவு இடுக்கு வழியா கழுதைக் கதையைப் படிக்க ஆரம்பிச்சுட்டார். நான் சரி பண்ணிட்டு வந்து கதவைத் திறந்தா, அந்த ஆள் வெளிய வர மாட்டேங்கறார். கழுதைக்குப் பரிசு கிடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்கன்றார்."

இந்த முறை சிரித்தது அவள் மட்டும் இல்லை.

அண்ணி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தம்பியின் முகத்தைப் பார்த்தார். "எந்த இடத்துல விட்டான்?"

"கல்யாணத்துல. ஆளுங்க வர்ற இடம்."

"அந்த இடமா!" என்றார் அண்ணி. குரலில் இருந்த வக்கீல் எங்கோ போயிருந்தார். "அது எனக்கு உசிரான இடம்மா. என் கல்யாணத்துக்கு ஒருத்தரும் வரல. நாங்க ரெண்டு பேர், சாட்சிக்கு ரெண்டு பேர். இவன் அப்ப சின்னப் பையன், இவனைக்கூட வீட்டுல விடல. இடுப்பு உடைஞ்சு படுத்திருந்தப்ப அந்தப் பக்கங்களைப் படிச்சேன். அத்தனை படகு, அத்தனை ஜனம், வந்துக்கிட்டே இருக்காங்க. இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும்னு படிச்சேன். அவனுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

கண்ணாடியம்மாவின் கைகளில் புத்தகம் சட்டென்று வேறு கனமாகக் கனத்தது. அவள் அதை அண்ணியிடம் நீட்டினாள்.

"உங்க புத்தகம் அண்ணி. நீங்களே வெச்சுக்கோங்க."

அண்ணி வாங்கிக்கொண்டார். பக்கத்தைப் புரட்டினார், எண் பார்த்தார், எதையோ கணக்குப் போட்டார். "ராத்திரி தூங்கிட்டு மறுநாள் திரும்ப முதல்லருந்து ஆரம்பிப்பானாக்கும்?"

"ஆமா."

"கழுதை," என்றார் அன்போடு. பிறகு மெதுவாகச் சொன்னார், "என்கிட்ட கேட்டிருந்தா, அதைத் தாண்டிப் போடான்னு சொல்லியிருப்பேனே."

"சொல்லியிருந்தா, தாண்டினதுக்கு மன்னிப்புக் கேட்டு மறுபடியும் போயிருப்பார் அண்ணி."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணியின் கண்ணிலிருந்து வழிந்த நீர் சிரிப்புக் கோட்டில் இறங்கியது.

"அப்ப எதை வெச்சு அனுப்பப்போற? அந்தக் கழுதைக் கதையா?"

அவள் யோசிக்கவே இல்லை. மேசை மேலிருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். அவருக்காக அவளே சட்டகம் பார்த்து, அவளே வில்லை பொருத்திய படிக்கும் கண்ணாடி. ஊதித் துடைத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், இன்னொரு முறை துடைத்தாள். மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"இது போதும்," என்றாள். "எதைப் படிக்கறதுன்னு அவரே பாத்துப்பார்."

மூடியைப் போட்டார்கள்.

பெட்டியைச் சாமான் லிஃப்ட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு சங்கடம். கதவைத் திறந்தபடி நிறுத்தும் பொத்தான் பல நாளாக வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று சொல்லியிருந்தவர் பெட்டிக்குள் இருந்தார். பெட்டி பாதி உள்ளே போவதற்குள் கதவு மூட வந்து, இடித்து, பின்வாங்கி, மறுபடி மூட வந்தது. தூக்கியவர்கள் தடுமாறினார்கள். ஸ்பேனருக்கு இரண்டு கையும் பெட்டிக்கு அடியில்.

அண்ணி முன்னால் வந்தார். உடைந்து சேர்ந்த இடுப்போடு சிரமப்பட்டுக் குனிந்து, கதவு ஓடும் பள்ளத்தில் அந்தப் புத்தகத்தை நிறுத்தி வைத்தார். கதவு வந்து ஏழு தலைமுறை மேல் மோதியது. திறந்துகொண்டது. மறுபடி வந்து மோதியது, மறுபடி திறந்துகொண்டது. பெட்டி நிதானமாக உள்ளே போனது. மகளும் உடன் ஏறிக்கொண்டாள். அதற்குமேல் இடமில்லை.

"வந்துடுங்கக்கா, நாங்க கீழ நிக்கறோம்," என்றார் ஸ்பேனர்.

அண்ணி புத்தகத்தை எடுத்தார். கதவு மூடியது. புத்தகத்தின் அட்டை முனையில் ஒரு நசுங்கல் விழுந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, அண்ணி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கண்ணாடியம்மா அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் படியில் இறங்காமல், கதவுக்கு மேலே ஒவ்வொன்றாக மாறும் எண்களைப் பார்த்தபடி நின்றார்கள்.

லிஃப்ட் நடுவில் எங்கும் நிற்கவில்லை. கீழே கதவு திறக்கும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.